சிவப்புத் தொலைபேசிக் கூண்டுக்கு எந்த ஃபிலிம்? எச்பி5-ஆ, ஆர்த்தோவா?

வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குகளில் பழைய தொலைபேசிக் கூண்டுகளைத் தேடித் தேடிக் கறுப்பு வெள்ளையில் எடுக்கத் தொடங்கி இரண்டு குளிர்காலம் ஆகிறது. முதல் குளிர்காலம் முழுக்க இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ். அடுத்ததில் அதே நிறுவனத்தின் ஆர்த்தோ பிளஸ்ஸுக்கு மாறினேன். இப்போது பையில் ஐந்து ரோல் இருந்தால் நான்கு ஆர்த்தோதான்.

வழக்கமான கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஃபிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண் எச்பி5-க்கு 400, ஆர்த்தோவுக்கு 80. முன்னது வேகம், பின்னது நுணுக்கம். எக்ஸ்போஷரில், அதாவது ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவில், கொஞ்சம் பிசகினாலும் எச்பி5 பொறுத்துக்கொள்ளும். கூண்டையும் மலையையும் எடுக்க எப்படியும் ட்ரைபாட் போடுகிறோம் என்பதால் வேகத்தை நான் பொருட்படுத்தவில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது சிவப்பு நிறம்.

கிராமங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கே6 கூண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி 1935-ல் கட்டடக் கலைஞர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்தது. வார்ப்பிரும்பு, ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரம். பச்சைப் புல்சரிவில் அது தனித்துத் தெரிவது நிறத்தால் மட்டுமே. நிறத்தை எடுத்துவிட்டால்? எச்பி5 எல்லா நிறங்களையும் பதிவு செய்யும். சிவப்பும் புல்லின் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக இறங்கிவிடும். என் முதல் ரோலைக் கழுவிப் பார்த்தபோது, கல்வேலி தெரிகிறது, கொட்டகை தெரிகிறது, கூண்டு மட்டும் பின்னாலிருந்த சரிவோடு கரைந்து கிடந்தது. சிவப்பு ஃபில்டர் போட்டுப் பார்த்தேன். மூன்று ஸ்டாப் வெளிச்சம் போனது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). கூண்டு சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்து, இரும்பின் கனமே இல்லாமல் நின்றது.

ஆர்த்தோவுக்குச் சிவப்பு தெரியாது. கூண்டு கரிக்கட்டையாக விழும். புல் வெளிர்ந்து ஒதுங்கும். அதைவிட அழகு கண்ணாடிகள். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிசை, வரிசைக்கு மூன்று. அந்தக் கறுப்புச் சட்டங்களுக்குள்ளே பின்னாலிருக்கும் மூடுபனி துண்டு துண்டாக வெள்ளையாய் நிற்கும். நெற்றியில் இருக்கும் பால்வெள்ளைப் பெயர்ப்பலகை அந்த இருட்டில் தனியே மிதக்கும். எச்பி5-ல் இப்படி ஒரு படம்கூட எனக்கு அமையவில்லை.

பச்சை ஃபில்டர் போட்டால் எச்பி5-லும் கூண்டு கறுக்குமே என்று கேட்கலாம். கறுக்கும், இரண்டு ஸ்டாப் விட்டுக்கொடுத்தால். ஆனால் பச்சை ஃபில்டர் நீலத்தைத் தடுக்கும். தூரத்து மலைமேல் படியும் நீலப் புகைமூட்டமும் அதோடு மெலியும். ஆர்த்தோவோ நீலத்தை நன்றாக வாங்கிக்கொள்வதால், ஒன்றன்பின் ஒன்றாக மலைகள் வெளுத்துக்கொண்டே போகும். எனக்கு வேண்டிய ஆழம் அதுதான்.

எச்பி5 கையில் இருந்திருக்கலாமே என்று தவித்த நேரங்களும் உண்டு. விடியற்காலையின் செவ்வொளியில் ஆர்த்தோ மந்தமாகிவிடும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அதன் ஐஎஸ்ஓவே 40-தான். ஒளிமீட்டர் காட்டியதை அப்படியே நம்பி எடுத்த ஒரு விடியல் ரோல் முழுக்க, வெளிச்சம் போதாமல் மெல்லிய நெகட்டிவாக வந்தது. இப்போது அந்த நேரத்தில் ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுக்கிறேன். அந்தி இருட்டில் உள்விளக்கு எரியும் கூண்டென்றால் யோசிக்கவே வேண்டாம், எச்பி5. தெளிந்த நீல வானம் ஆர்த்தோவில் வெற்றுக் காகிதமாகிவிடும். கூண்டின் உச்சியில் புடைத்திருக்கும் கிரீடமும் கறுப்பில் அமிழ்ந்துபோகும். பக்கவாட்டு வெளிச்சம் இருந்தால்தான் மீட்கலாம்.

வெயிலில் இளஞ்சிவப்பாக வெளுத்த கூண்டுகளை ஆர்த்தோவில் அதிகம் எடுத்ததில்லை. எடுத்த இரண்டிலும் கறுப்பு திட்டுத்திட்டாகத்தான் வந்தது. சிவப்பு உறுத்துகிறது என்று சில எழில்மிகு பகுதிகளில் உடலுக்குச் சாம்பலும் கண்ணாடிச் சட்டங்களுக்கு மட்டும் சிவப்பும் பூசினார்கள். அப்படியொன்றை ஒரே ஒரு முறைதான் எடுத்தேன். சட்டங்கள் மட்டும் கறுத்தன, உடல் எச்பி5-ல் வருவதுபோலவேதான் வந்தது. அங்கே ஆர்த்தோவுக்காக மெனக்கெட வேண்டியதில்லை.