யாழ்ப்பாணம் திருவள்ளுவர் பண்பாட்டு மையம்: மண்டபம் உண்டு, கூத்துக்காரருக்கு என்ன உண்டு?

பொது நூலகத்துக்கு அருகில், இந்திய அரசின் நன்கொடையில் கட்டப்பட்டு 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்ட இந்த மையத்தில், 600 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கும், இரு தளங்களில் அருங்காட்சியகமும், திறந்தவெளி அரங்காகவும் பயன்படும் முற்றமும் உள்ளன. கட்டடத்தில் எனக்குக் குறையில்லை.

ஆனால் மண்டபம் மட்டும் கலையை வாழவைக்காது. சில காலத்துக்கு முன், நகரின் வேறொரு மண்டபத்தில் காத்தவராயன் கூத்து ஆடிய குழுவினர், ஆட்டம் முடிந்து முகத்து அரிதாரம்கூடக் கலையாமல், மண்டப வாடகையில் கட்டவேண்டிய மீதியைத் தங்களுக்குள் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டேன்; ஆர்மோனியக்காரர் அதற்காகத் தமது கூலியை வாங்கவேயில்லை. வடக்கு மாகாண நிர்வாகம், கிராமியக் குழுக்களின் மண்டபக் கட்டணத்தையும் உடுப்புச் செலவையும் ஆண்டுதோறும் ஒரு தனி ஒதுக்கீட்டிலிருந்து ஏற்க வேண்டும். கூத்துப் பழக்கும் ஆசிரியர்களான அண்ணாவிமாருக்குப் பொன்னாடைக்குப் பதிலாக, பிள்ளைகளைப் பழக்குவதற்கு மாதப்படி கொடுக்க வேண்டும். பொன்னாடைகள் அவர்களின் அலுமாரிகளில் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன.