வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் வரலாற்று நடை: போகலாமா?

அரண்மனை, சிஸி மகாராணியின் உடைகள் என்று சுற்றிக் காட்டுபவர்கள் வியன்னாவில் ஏராளம். ஆஸ்திரியாவை நூற்றாண்டுகளாக ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் வரலாற்றைச் சொல்லும் இந்த நடைச் சுற்றுலா அந்த ரகமில்லை. வழிகாட்டி நேராக நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் நிறுத்தி, பேரரசை இரண்டு பாதியாக்கிய 1867 உடன்பாட்டில் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் வெளியுறவு, படை, அவற்றுக்கான நிதி ஆகியவற்றை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டதையும், யார் எவ்வளவு செலவு தருவது என்று 10 ஆண்டுக்கு ஒருமுறை பேரம் பேசியதையும் சொன்னார். கூட்டுக் குடும்பத்துப் பங்காளிச் சண்டையேதான்!

நடையின் உச்சம் 1897 கதை. பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் பகுதி) அரசு ஊழியர்களுக்கு செக், ஜெர்மன் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆஸ்திரியப் பிரதமர் பதேனி ஆணை போட, ஜெர்மன் பேசும் உறுப்பினர்கள் அவையை முடக்கி, தெருவில் கலவரமாகி, கடைசியில் அவர் பதவியே போனது. அப்புறம் பேரரசின் பணமான பழைய குரோனே நோட்டின் நகலைக் காட்டினார்: ஒரு பக்கம் ஹங்கேரியன், மறுபக்கம் ஜெர்மனோடு இன்னும் 8 மொழிகளில் மதிப்பு. இதற்கே காசு கொடுக்கலாம்.

குறை என்றால், தொழிற்சாலை, ரயில், பேரரசின் வடகிழக்கு மாகாணமான கலீசியாவின் வறுமை எல்லாம் இரண்டே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. கூட்டமும் அதிகம், பின்னால் நின்றால் சரியாகக் கேட்காது. குழந்தைகளோடு வேண்டாம்.