செம்மண்ணில் 15 மாதம்: டிரெயில் ஷூவும் தண்ணீர் வெஸ்ட்டும் எப்படித் தாங்கின

சனிக்கிழமை காலை ஓடிவிட்டு வந்ததும், குளிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து, ஷூவை மடியில் கவிழ்த்துப் போட்டு முள் எடுப்பது. கையில் ஓர் ஊக்கு, ஒரு சின்ன மூக்குக் குறடு. சீமைக் கருவேல முள் அடியில் குத்தினால் நுனி உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். வெளியே ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும். அதை அப்படியே விட்டால் அடுத்த ஓட்டத்தில் கால் அழுத்த அழுத்த மேலே ஏறி, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் உள்ளங்காலைத் தொட்டுவிடும். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். இரண்டு ஷூவிலும் சேர்த்துப் பதினேழு முள்.

போன வருடம் ஆடியில் இந்த ஷூவை வாங்கும்போது எந்த விமர்சனத்திலும் முள்ளைப் பற்றி ஒரு வரி இல்லை. ஈரப் பாறையில் பிடிக்குமா, பனிச் சேற்றில் நிற்குமா என்றுதான் எழுதியிருந்தார்கள். நான் ஓடுவது காரைக்குடியைச் சுற்றி: பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துத் தைல மரக் காடுகளுக்குள் போகும் வண்டித்தடம், கண்மாய்க் கரை, பொட்டல். இந்த மண்ணில் 50 கிலோமீட்டர் டிரெயில் (தார் போடாத தடம்) ஓட்டத்துக்குத் தயாராக நினைக்கிறவர்களுக்கு என்ன தேவைப்படும் என்று, ஓடிப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். பிராண்டு பெயரை விட்டுவிடுகிறேன். மாடல் வருடா வருடம் மாறிவிடுகிறது. கடையில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

கணக்கு இது. முதல் ஜோடி 820 கி.மீ. ஓடியது. அதே மாடலில் வாங்கிய இரண்டாவது ஜோடி இதுவரை 390 கி.மீ. வார நாட்களில் தார் ரோட்டில் வேறு ஷூ. டிரெயில் ஷூ சனி, ஞாயிறு மட்டும்.

முதலில் பிடிமானம். இங்கே தரை சேறும் இல்லை, பாறையும் இல்லை. செம்புறாங்கல் உதிர்ந்த சரளை. மிளகு அளவிலும் சுண்டைக்காய் அளவிலும் உருண்டை உருண்டையாக, இறுகிப்போன தரையின் மேல் ஒட்டாமல் கிடக்கும். திருப்பத்தில் வேகமாகக் கால் வைத்தால் வாரிவிடும். ஷூவுக்கு அடியில் இருக்கும் புடைப்புகளை லக் என்கிறார்கள். 5 மி.மீ. ஆழத்தில் இடைவெளி விட்டு இருக்கும் லக் சேற்றுக்கு நல்லது. நம் தரையில் அந்த இடைவெளியில் சரளை போய்ச் சிக்கிக்கொள்ளும், ரப்பரும் சீக்கிரம் தேயும். என்னுடையது 3.5 மி.மீ., நெருக்கமான லக். 500 கி.மீ. வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் முன்காலின் வெளி ஓரம் வழுக்கையாகி, திருப்பங்களில் நானே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

முள்ளுக்கு வருவோம். நடு மெத்தைக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்த ஷூக்கள் உண்டு. ராக் பிளேட் என்பார்கள். கல் குத்தாமல் இருக்க வைத்தது, முள்ளையும் நிறுத்துகிறது. ஆனால் பெரும்பாலும் அந்தத் தகடு முன்காலோடு முடிந்துவிடும். என்னுடையதும் அப்படித்தான். மூன்றாவது மாதம் ஒரு முள் குதிகாலில் ஏறி, நான்கு நாள் நொண்டினேன். ரயில்வே ரோட்டுப் பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உள் மெத்தையை வெளியே எடுத்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "முன்னாடி கெட்டியா இருக்கு தம்பி, பின்னாடிதான் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, மெல்லிய தோல் ஒன்றைக் குதிகால் அளவுக்கு வெட்டி, ஓரத்தைச் சீவி, மெத்தைக்கு அடியில் ஒட்டிக் கொடுத்தார். எண்பது ரூபாய். எடை கொஞ்சம் கூடியது. அதற்கப்புறம் குதிகாலில் ஒரு முள்கூட ஏறவில்லை. இரண்டாவது ஜோடிக்கு ஓடுவதற்கு முன்பே இந்த வேலையைச் செய்துவிட்டேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இந்தத் தோல் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல்துணி பெரிய கண் வலையாக இருந்தால் காற்று நன்றாகப் போகும் என்பார்கள். காற்றோடு செம்புழுதியும் போகும். வியர்வையில் குழைந்து மாவு மாதிரி விரலிடுக்கில் ஏறி, அது உராய்ந்துதான் எனக்குக் கொப்புளம் வந்தது. நெருக்கமான வலை பாருங்கள். கணுக்காலில் கல் விழாமல் இருக்கப் பழைய டி-ஷர்ட்டின் கையை வெட்டிப் போட்டுக்கொள்கிறேன், கடையில் விற்கும் கெய்ட்டர் செய்கிற வேலையை அதுவே செய்கிறது. அளவு விஷயத்தில் என் அயித்தை சொன்னதைத்தான் கேட்டேன். அவர் வருடா வருடம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியோடு நடக்கிறவர். "ரெண்டாம் நாள் கால் பெருத்துரும்ப்பா, நெருக்கமா வாங்காத. நகத்த முன்னமே வெட்டிரு. நடுவுல உக்காந்தா ரொம்ப நேரம் உக்காராத, எந்திரிக்க முடியாது." ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். 15 மாதத்தில் ஒரு நகம்கூடக் கறுக்கவில்லை. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் நடந்து பழகிய ஊர் நம்முடையது. மாரத்தான் தூரமான 42.195 கி.மீ.க்கு மேல் எதுவும் அல்ட்ரா ஓட்டம்தான். அந்த வகையில் நம் பாதயாத்திரைக்காரர்களிடம் கால் பராமரிப்புப் பற்றிக் கேட்காமல் வெளிநாட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இப்போது வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது வெஸ்ட், தண்ணீரைச் சுமந்துகொண்டு ஓட மாட்டிக்கொள்ளும் மேலங்கி. முன்னால் அரை லிட்டர் மென்குப்பி இரண்டு, முதுகில் ஒன்றரை லிட்டர் பை. தையல் இன்னும் பிரியவில்லை. உப்பு ஏறி ஜிப் மட்டும் இறுகிவிட்டது. ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசி, மாதம் ஒரு தடவை மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓடுகிறது. முதுகுப் பையின் குழாயில் இரண்டே மாதத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. இப்போது கழுவி, தண்ணீரை வடித்துவிட்டு, பையையும் குழாயையும் ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன். தோளில் உராயும் இடத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். வாசலின் மூன்று மணி நேரம் தாங்குகிறது.

வெஸ்ட்டால் வந்த ஒரு சங்கடத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஆபத்தானது. மார்கழியில் ஒரு காலை. நல்ல பனி, வெயிலே இல்லை. மெதுவாக ஐந்து மணி நேரம் ஓட்டமும் நடையுமாகப் போவது என்று திட்டம். கடிகாரத்தில் கால் மணிக்கு ஒரு மணியடிக்க வைத்து, அடிக்கும்போதெல்லாம் கால் லிட்டர் குடித்தேன். ஊர்களில் நிறுத்தி நிறுத்திப் பையை நிரப்பிக்கொண்டேன். எல்லாம் வெறும் தண்ணீர். நான்காவது மணியில் மோதிரம் விரலை இறுக்கியது. தலை கனத்தது. வீட்டுக்கு வந்து வாந்தி. எடை பார்த்தால் கிளம்பும்போது இருந்ததைவிட 700 கிராம் கூடுதல். மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தார்: சோடியம் 131. 135க்குக் கீழே போனாலே குறைவு. வியர்வையில் போனதைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்ததால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போயிருக்கிறது, இன்னும் இறங்கியிருந்தால் வலிப்பு வரைக்கும் போகும் என்றார்.

அதே ஆள், சித்திரையில், காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் ஓடிப் பார்த்தேன். முன்பு 68.4 கிலோ, பின்பு 67.1. நடுவில் குடித்தது 300 மி.லி. ஆக, ஒரு மணி நேரத்தில் 1.6 லிட்டர் வியர்வை. ஒரே உடம்பு, ஒரே தடம், மாதம்தான் வேறு. அதனால் 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்று யார் சொன்னாலும் நம்ம ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் ஒரு முறை எடை பார்த்து உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். இப்போது மணியடிப்பதை நிறுத்திவிட்டேன், தாகத்துக்குக் குடிக்கிறேன். ஒரு குப்பியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட் 20.5 கிராம், அது ஒரு லிட்டருக்கு. அரை லிட்டரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிவிடக் கூடாது.

சாப்பாடு: மணிக்கு 40, 50 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். கருப்பட்டித் துண்டும் உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கும் எனக்கு ஒத்துப்போகின்றன. மாவுருண்டை முதல் இரண்டு மணி நேரத்துக்கு நன்றாக இருந்தது, அப்புறம் நெய் குமட்டியது. கடலைமிட்டாய் காய்ந்த வாயில் இறங்கவில்லை.

இருட்டில் கிளம்புவதால் நெற்றி விளக்கு வேண்டும். நெற்றியில் கட்டினால் வெளிச்சம் கண் மட்டத்திலிருந்தே விழும், சரளையின் நிழல் தெரியாது, தரை வழவழவென்று தட்டையாகத் தெரியும். அதையே இடுப்பில் கட்டுங்கள். ஒவ்வொரு கல்லும் நீளமாக நிழல் விட்டுத் தனியாக நிற்கும். பாம்பும் தெரியும். கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்திச் சொன்னார்: "மொத மழ பேஞ்ச அன்னைக்கு விடியுமுன்ன இந்தக் கரைக்கு வராதிய தம்பி. பொந்துக்குள்ள தண்ணி எறங்குனா அதெல்லாம் வெளிய வந்துதான் கெடக்கும்." அதன்படியே நடக்கிறேன்.

இந்தத் தடங்கள் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயிலைக் கொடுக்கும். பங்குனியில் பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து வெயிலில் மெதுவாக ஓடினால் உடம்பு பழகுகிறது: ரத்தத்தில் நீர்ப்பங்கு கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பும் குறையும். பொறுமையையும் கொடுக்கும். ஏற்றத்தை மட்டும் கொடுக்காது. கண்மாய்க் கரையில் ஏறி இறங்குவதை நாற்பது தடவை செய்தேன், குன்றக்குடி மலைப்படிகளில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கைகூப்பிவிட்டு ஏறினேன். நுரையீரலுக்கு அது போதுமாக இருந்தது.

நான் கலந்துகொண்ட 50 கி.மீ. ஓட்டம் சிக்மகளூர் பக்கம், காபித் தோட்டங்களுக்குள், ஐப்பசியில். முதல் 30 கி.மீ.யில் ஏற்றங்களில் என்னை ஒருவரும் முந்தவில்லை. அடித்துப்போட்டது இறக்கம். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். நம் தட்டை நிலத்தில் அதற்கு வேலையே இல்லை. 38ஆவது கிலோமீட்டருக்கு மேல் ஒவ்வொரு இறக்கத்திலும் மரத்தைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். 9 மணி 12 நிமிடத்தில் முடித்தேன். மூன்று நாள் படி இறங்க முடியவில்லை. ஷூ அங்கேயும் நன்றாகவே நின்றது, ஈரமான களிமண் இறக்கம் ஒன்றில் மட்டும் லக் போதாமல் வழுக்கியது. அதற்காக ஆழ லக் வாங்க மாட்டேன். வருடத்தில் ஒரு நாள் அங்கே ஓடுகிறேன், மற்ற நாளெல்லாம் இங்கே.

தொடைத்தசை ஒரு தடவை இறக்கத்தில் அடிபட்டுத் தேறினால், சில வாரங்களுக்கு அடுத்த அடியைத் தாங்கிக்கொள்ளும். அதனால் அடுத்த தடவைக்குப் பிரான்மலைதான் திட்டம். காரைக்குடியிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பாரியின் பறம்பு மலை. அடிவாரத்தில் கோயில், உச்சியில் தர்கா, நடுவில் படியும் பாறையுமாகப் பாதை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை போய், நடந்து ஏறி, ஓடி இறங்கப் போகிறேன். போன வாரம் முதல் தடவை போனேன். தர்கா வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது கீழே கண்மாய்கள் ஒவ்வொன்றாக வெள்ளைத் தகடு மாதிரி தெரிந்தன. நான் கரையேறிப் பழகிய கண்மாய் எதுவென்று தேடிப் பார்த்தேன். அத்தனை தூரத்துக்கு அது தெரியாது.

இப்போது கார்த்திகை மழை. கண்மாய் உள்வாயில் களி ஷூவுக்கு அடியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடுகிறது, அங்கே போக வேண்டாம். தைல மரக் காட்டுத் தடம் மழை நின்ற இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும், புழுதியும் இருக்காது. வருடத்திலேயே ஓட நல்ல நேரம் இதுதான். முள் மட்டும் ஈரத்தில் ஊறி, குறடு பிடித்தால் ஒடிந்துவிடுகிறது. ஷூவை ஒரு நாள் நிழலில் காயவிட்டு அப்புறம் எடுங்கள்.