பழைய மோட்டார் வாங்கப் போறவங்க ஒரு நிமிசம் நில்லுங்க, எனக்கு 6,800 போச்சு

கடுப்புல எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

ஒத்தக்கடைப் பக்கம் வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில சின்னதா மரக் கடைசல் போட்டிருக்கேன். அதுக்கு 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், 1440 ஆர்பிஎம் வேணும். புதுசு கட்டுப்படியாகலை. மதுரைக்குள்ள பழைய மோட்டாரை வாங்கி, ரீவைண்டிங் பண்ணி, அதாவது உள்ள இருக்கிற காயில் கம்பியைப் புதுசாச் சுத்தி, விக்கிற கடை ஒண்ணு. பேர் வேண்டாம். "சுத்தக் காப்பர் காயில் தம்பி, ரெண்டு பேரிங்கும் புதுசு"ன்னார். 6,800 ரூபாய்.

நான் விழுந்த இடத்தைச் சொல்லணும். டீ வாங்கிக் கொடுத்தார். மோட்டாரை ஓடவிட்டு, டெர்மினல் பாக்ஸ் மூடி மேல ஒரு அஞ்சு ரூபாய்க் காசை நெட்டக்குத்தலா நிறுத்துனார். காசு அசையலை. நானும் வாயைப் பொளந்து பார்த்தேன். அந்தக் காசு பேரிங்குக்குத்தான் சாட்சி, காயிலுக்கு இல்லைன்னு அப்ப உறைக்கலை. லோடு இல்லாம ஓடுறப்ப எந்த மோட்டாரும் நல்ல பிள்ளைதான்.

வீட்டுல கட்டையை மாட்டி இருபது நிமிசம் ஓட்டுனேன், பாடியில கை வைக்க முடியலை. மூணாம் நாள் புகை.

தூக்கிட்டுப் போனா, "உங்க ஏரியால வோல்டேஜ் கம்மி". அடுத்த தடவை, "நீங்க லோடு ஜாஸ்தி கொடுத்திருக்கீங்க". அதுக்கடுத்து, "வைண்டிங் பையன் ஊருக்குப் போயிருக்கான், திங்கக்கிழமை வாங்க". மூணு திங்கக்கிழமை போயிருச்சு. இப்ப போனே எடுக்கறதில்லை. முதல் நாள் தம்பி, இப்ப "யாருங்க நீங்க?"

புதூர்ல வேற ஒரு வைண்டர் அண்ணன்கிட்டப் பிரிச்சோம். கம்பியை பிளேடால சுரண்டுனார். மேல செம்பு நிற வார்னிஷ், உள்ள வெள்ளை வெளேர்னு அலுமினியம்! அலுமினியமே தப்புன்னு இல்லையாம். காப்பரைவிட அதோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 1.6 மடங்கு, அதனால கம்பியைத் தடிமனாப் போடணும். காப்பருக்குன்னு வெட்டுன ஸ்லாட்ல, அதான் கம்பி உக்கார்ற பள்ளத்துல, அது அடங்காது. அதே கனத்துல சுத்துனா லோடுல வெந்துரும். பேரிங்கும் ஒண்ணுதான் புதுசு. இதுக்கா 6,800?

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், மனசு ஓடலை. கம்பி முனையை உங்க கண்ணு முன்னாடி சுரண்டச் சொல்லுங்க. மெக்கர், அதான் காயில்ல இருந்து பாடிக்குக் கரண்ட் கசியுதான்னு பார்க்கிற மீட்டர், வச்சுக் காட்டச் சொல்லுங்க. லோடு கொடுத்து அரை மணி நேரம் ஓட்டாம காசை எடுக்காதீங்க. பில் வாங்குங்க. எங்கிட்ட இருக்கிறது காலண்டர் தாள் பின்னாடி பேனாவால கிறுக்குன 6,800 மட்டும்தான், கையெழுத்துகூட இல்லை.