நூலகப் பதிவுகளை இணைத்துப் பார்த்த ஆறு வருடங்கள்

ஒரு நாவலைத் தேடினால் பதினான்கு வரிகள் வரும். முதல் பதிப்பு, மறுபதிப்பு, மொழிபெயர்ப்புகள், ஒலிப்புத்தகம் எல்லாம் கலந்து கிடக்கும். எது எதன் மொழிபெயர்ப்பு என்று தெரிய ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் நூலகப் பட்டியல் இப்படித்தான் இருந்தது.

இப்போது அதே தேடலுக்கு ஒரு படைப்பு வருகிறது. அதற்குள் மொழிகள், ஒவ்வொரு மொழியின் கீழும் பதிப்புகள், அதற்கும் கீழே அலமாரியில் உள்ள பிரதிகள். சர்வதேச நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா 1998இல் வெளியிட்ட, நூலகப் பதிவுகளுக்கான எஃப்ஆர்பிஆர் மாதிரியின் நான்கு அடுக்குகள் இவை. 2017இல் அதையும் அதன் துணை மாதிரிகளையும் சேர்த்து எல்ஆர்எம் என்று ஒன்றாக்கினார்கள். நாங்கள் பின்பற்றுவது அதைத்தான்.

மார்க் என்ற கணினி வடிவத்தில் இருந்த பழைய பதிவுகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1960களில் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியட் ஏவ்ரம் தலைமையில் அது உருவானபோது, அட்டையில் இருந்த விவரங்களைக் கணினி படிக்கும்படி செய்ததே பெரிய காரியம். ஆனால் அட்டையின் குணமும் கூடவே வந்துவிட்டது. ஒவ்வொரு பதிவும் தனி ஆள். ஆசிரியர் என்பவர் வெறும் எழுத்து வரிசை. முதலெழுத்தில் ஒரு புள்ளி மாறினால் வேறு மனிதர். இன்ன நூலின் தொடர்ச்சி, இன்ன நூலுக்கான உரை என்பதெல்லாம் பெரும்பாலும் பொதுக் குறிப்புக்கான 500ஆம் புலத்தில் ஒரு வாக்கியமாகக் கிடக்கும். மனிதர் படித்தால் புரியும், கணினிக்குப் புரியாது.

இந்தப் பதிவுகளைப் படைப்புவாரியாகச் சேர்க்க ஒரு மென்பொருளை வைத்தோம். அது முதல் வாரத்திலேயே ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கொடுத்தது. வேலை முடிந்தது என்றே நினைத்தோம். அப்புறம் ஒரு வாசகர், கேட்டு வாங்கிய புத்தகத்தோடு திரும்பி வந்தார். அவர் படிக்க விரும்பிய கதை அதில் இல்லை. புத்தகத்தின் பெயர் 'தேர்ந்தெடுத்த சிறுகதைகள்'. அதே எழுத்தாளருக்கு அதே தலைப்பில் மூன்று பதிப்பகங்கள் மூன்று தொகுப்புகள் போட்டிருந்தன, மூன்றிலும் கதைகள் வேறு. மென்பொருள் ஆசிரியர் பெயரையும் தலைப்பையும் மட்டும் பார்த்து மூன்றையும் ஒரே படைப்பாக்கிவிட்டது. இதற்கு நேர்மாறாக, மறுபதிப்பில் தலைப்பு மாறிய ஒரு நாவல் தனியாக நின்றது.

சேர்ப்பதைக் கணினியிடம் விடலாம். இரண்டும் ஒன்றுதானா என்று சொல்ல, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஒரு பட்டியலாளர் வேண்டும். ஆறு வருடங்களில் இதில் என் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறதே தவிர மாறவில்லை. தொகுப்புகளை எல்லாம் எடுத்து, 505ஆம் புலத்தில் உள்ளடக்கத்தை எழுதி, படைப்பின் சீர்தலைப்புக்கான 240ஆம் புலத்தில் ஒவ்வொன்றையும் வேறுபடுத்தினோம். நான்கு மாதங்கள் ஆயின.

இதழ்கள் அவ்வளவு படுத்தவில்லை. பெயர் மாறிய இதழ்களுக்கு 780, 785 புலங்களில் முன்னோரும் பின்னோரும் ஏற்கெனவே இருந்தார்கள்.

மொழிபெயர்ப்புதான் இன்றுவரை அதிகம் யோசிக்க வைக்கிறது. மூலத்திலிருந்து வராமல், இன்னொரு மொழிபெயர்ப்பிலிருந்து மொழிபெயர்த்தவை நிறைய. அவற்றை மூலப் படைப்பின் கீழ் வைத்தால் மட்டும் போதாது, எந்த மொழி வழியாக வந்தது என்பதையும் இணைக்க வேண்டும். மற்ற நூலகங்களுக்காகத் தரவை பிப்ஃபிரேம் என்ற இன்னொரு பதிவு மாதிரிக்கு மாற்றியபோது இதன் அருமை தெரிந்தது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் அந்த மாதிரியில் மொழிவடிவத்துக்குத் தனி அடுக்கு கிடையாது. மொழிபெயர்ப்பும் ஒரு படைப்புதான். 'இது இதன் மொழிபெயர்ப்பு' என்று வெளிப்படையாக எழுதிய இடங்களில் உறவு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அடுக்கே சொல்லிக்கொள்ளும் என்று விட்ட இடங்களில் மொழிபெயர்ப்புகள் அநாதையாக நின்றன. அன்றிலிருந்து அடுக்கு இருந்தாலும் உறவை எழுதாமல் விடுவதில்லை.

பெயர்களுக்கு, ஆசிரியர்களை அடையாளம் காட்டும் சர்வதேசக் கோப்பான வியாஃபின் எண்களைச் சேர்த்தோம். ஒரே பெயரில் இருந்த ஒரு கவிஞரையும் ஒரு தாவரவியலாளரையும் அப்போதுதான் பிரிக்க முடிந்தது. ஆனால் வியாஃபும் பல நூலகங்களின் பெயர்க் கோப்புகளைக் கொத்தாகச் சேர்ப்பதுதான். கொத்து பிரிந்தாலோ சேர்ந்தாலோ எண் மாறலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தந்த தேசிய நூலகம் கொடுத்த எண்ணையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இதைத் தாமதமாகச் செய்தோம்.

புதிய நூல் ஒன்றைப் பதிய முன்பைவிட நேரம் பிடிக்கிறது, சரி. ஆனால் அடுத்த பதிப்பு வரும்போது பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

500ஆம் புலத்தில் இன்னும் உறவுகள் புதைந்து கிடக்கின்றன. தினமும் இருபது பதிவுகள் என்று படித்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். உரைநூல்கள் முடிந்துவிட்டன, இந்த வாரம் நாடகமாக்கப்பட்ட நாவல்கள்.