மலிவு விலை கேசட் பிளேயர்: பேச்சு கேட்கப் போதும், பாட்டு கேட்க யோசித்து வாங்குங்கள்

பெட்டி நிறைய கேசட்டுகள் இருக்கின்றன, போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை. அதனால் போன மாதம் ஆன்லைனில் இருப்பதிலேயே விலை குறைந்த கையடக்க கேசட் பிளேயர் ஒன்றை வாங்கினேன். பெயர் சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் இந்த விலையில் வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வெளியே பெயர்தான் வேறு, உள்ளே ஓடுவது ஜப்பானின் தனாஷின் நிறுவனம் ஒரு காலத்தில் செய்த எளிய இயந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல்.

முதலில் பார்க்க வேண்டியது வேகம். டேப் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்று ஒரே சீராக ஓட வேண்டும், அதற்கு உள்ளே ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரம் ஒன்று சுழல வேண்டும். மலிவு பிளேயர்களில் அது சின்னதாக, லேசாக இருக்கும், அதனால் மோட்டாரும் பெல்ட்டும் கொஞ்சம் தடுமாறினாலும் அது அப்படியே காதுக்கு வந்துவிடுகிறது. பியானோ இசை உள்ள கேசட் இருந்தால் போட்டுப் பாருங்கள். ஒரு சுரம் நீண்டு ஒலிக்கும்போது தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி அசையும். என்னுடையதில் நன்றாகவே அசைந்தது, இரண்டு பாட்டுக்கு மேல் கேட்க முடியவில்லை. பேச்சில் இது அவ்வளவாகத் தெரியாது.

அப்புறம், பெட்டியில் ஸ்டீரியோ என்று போட்டிருந்தாலும் சிலவற்றில் டேப்பைப் படிக்கும் ஹெட் மோனோதான், ஹெட்ஃபோனில் இரண்டு காதிலும் ஒரே ஒலி. இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி இருக்காது, டால்பியில் பதிவான பழைய கேசட்டுகளில் இரைச்சல் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும். அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. ரீவைண்ட் பட்டன் இல்லாத மாடல்களும் உண்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டு ஃபார்வர்டு செய்ய வேண்டும். அதில் டேப் முடிந்தாலும் தானாக நிற்காதவை இருக்கின்றன, மறந்து அப்படியே விட்டால் பேட்டரி தீரும், பெல்ட்டும் தேயும். நான் கேசட்டின் துளையில் பென்சிலை நுழைத்துச் சுற்றிக்கொள்கிறேன்.

சி-120 கேசட்டை, அதாவது இரண்டு பக்கமும் சேர்த்து 120 நிமிடம் ஓடுவதை, இதில் போடவே போடாதீர்கள். அதன் டேப் மிகவும் மெல்லியது, ரோலரில் சுற்றிக்கொண்டால் பதிவு போய்விடும். ரெக்கார்டு பட்டன் உள்ள மாடல் என்றால், கேசட்டில் டேப் தெரியும் பக்கத்துக்கு எதிர் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளையும் முதலில் உடைத்துவிடுங்கள், அப்போது அதன் மேல் பதிவு ஆகாது. ஒரு தவறான அழுத்தத்தில் அழிந்த குரல் திரும்ப வராது.

பாட்டுக்குத்தான் வேண்டும் என்றால், யாராவது பெல்ட் மாற்றிச் சரிசெய்து கொடுத்த பழைய வாக்மேன் இதைவிட எவ்வளவோ மேல். "வேலை செய்கிறது" என்று மட்டும் சொல்பவரிடம் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள், பழைய ரப்பர் உள்ளேயே உருகிப் பசையாகியிருக்கும். புதிதுதான் வேண்டும் என்றால், ஃபியோ சிபி13 போல செம்பு ஃப்ளைவீல் வைத்து வருபவை உண்டு, விலை பல மடங்கு.

இவ்வளவு சொல்லியும் நான் என்னுடையதைத் திருப்பி அனுப்பவில்லை. பெட்டியில் அப்பா பேசிய கேசட் ஒன்று இருந்தது, டேப் ரெக்கார்டர் வாங்கிய அன்று சோதித்துப் பார்க்கச் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துப் பதிந்தது. முதலில் போட்டபோது போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மங்கலாக இருந்தது. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டையும் ரோலரையும் துடைத்தேன், குச்சி பழுப்பாக வந்தது, ஒலி கொஞ்சம்தான் தேறியது. ஹெட்டின் ஓரத்தில் அது நிற்கும் சாய்வைச் சரிசெய்ய ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அதை ஒரு பக்கம் திருப்பினேன், இன்னும் மங்கியது, மறுபக்கம் மெதுவாகத் திருப்பினேன். கால் சுற்றுக்கும் குறைவுதான், திரை விலகின மாதிரி குரல் முன்னால் வந்தது. அப்பா ஒரு செய்தியை முடித்து, தொண்டையைச் செருமி, தாளைத் திருப்புகிற சரசரப்பு வரை கேட்டது.