லாட்ஜ் வார்ப்பிரும்பு வாணலி: ஃபிரிட்டாட்டாவுக்கு வாங்கலாம், ஆம்லெட்டுக்கு வேண்டாம்

முட்டைச் சமையலுக்காக ஒரு வார்ப்பிரும்பு வாணலி வாங்க நினைப்பவர்கள், தாங்கள் அதிகம் செய்யப்போவது ஆம்லெட்டா, இத்தாலியர்கள் கனமாக வேகவைக்கும் முட்டைப் பண்டமான ஃபிரிட்டாட்டாவா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சவுத் பிட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் 1896-இல் தொடங்கப்பட்ட லாட்ஜ் நிறுவனத்தின் 10.25 அங்குல வாணலியை நான் இரண்டுக்குமே பயன்படுத்தி வருகிறேன். ஃபிரிட்டாட்டாவுக்கு இதை மனதாரப் பரிந்துரைப்பேன். ஆம்லெட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம் இரண்டு பண்டங்களின் இயல்பிலேயே இருக்கிறது. பிரெஞ்சு முறை ஆம்லெட்டுக்கு இரண்டு மூன்று முட்டைகளை உப்பு சேர்த்து அடித்து, வெண்ணெயின் நுரை அடங்கும் நேரத்தில் ஊற்றி, வாணலியை ஆட்டிக்கொண்டே கிளறி, மேற்புறம் ஈரமாக இருக்கும்போதே சுருட்டித் தட்டில் கவிழ்த்துவிட வேண்டும். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், எங்கும் சிவக்கவும் கூடாது. நம் உணவகங்களில் கலக்கி சாப்பிட்டவர்களுக்கு அந்த உட்பதம் புதிதல்ல. ஃபிரிட்டாட்டாவுக்கு ஆறு முதல் எட்டு முட்டைகள் வேண்டும். வதக்கிய வெங்காயம், பிழிந்தெடுத்த கீரை, துருவிய சீஸ் போன்றவற்றை முட்டையோடு முன்பே கலந்து, ஆலிவ் எண்ணெயில் சிறுதீயில் கனமாக வேகவிட்டு, தட்டில் கவிழ்த்துப் புரட்டியோ ஓவனில் வைத்தோ மேற்புறத்தை முடிப்பார்கள். நேப்பிள்ஸில் மீந்துபோன பாஸ்தாவையே முட்டையில் கலந்து செய்யும் வகையும் உண்டு; அதை ஆறிய பிறகு துண்டு போட்டு வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். மடிப்பதும் மடிக்காமல் விடுவதும்தான் வேறுபாடு என்று பலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. தீயும் கனமும் நேரமும்தான் இவற்றைப் பிரிக்கின்றன. வெங்காயமும் பச்சைமிளகாயும் முட்டையிலேயே போட்டு அடிக்கும் நம் ஆம்லெட், அந்த ஒரு விஷயத்தில் ஃபிரிட்டாட்டாவுக்குத்தான் நெருங்கிய உறவு.

வெள்ளைக்கரு ஏறத்தாழ 62 டிகிரி செல்சியஸில் இறுகத் தொடங்குகிறது. மஞ்சள் கரு கெட்டிப்பட இன்னும் சில டிகிரி சூடு தேவை. கனமான முட்டைக் கலவையின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டும்வரை அடிப்பாகம் தீயாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஃபிரிட்டாட்டாவின் சிக்கல், அங்கேதான் இந்த வாணலி தன் தரத்தைக் காட்டுகிறது. வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறினாலும், ஏறிய சூட்டை எளிதில் விடுவதில்லை. ஆகவே முதலிலேயே சில நிமிடங்கள் நிதானமாகக் காயவைத்து, கலவையை ஊற்றியதும் தீயைச் சிம்மில் வைத்துவிட்டால், ஓரம் இறுகிப் பாத்திரத்தை விட்டு மெல்ல விலகும். நடுவில் மட்டும் கலவை தளும்பிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் 180 டிகிரி ஓவனுக்குள் அப்படியே வைத்துவிடலாம், ஏனெனில் கைப்பிடியும் ஒரே வார்ப்பில் வந்த இரும்புதான். நடுப்பகுதி முழுவதும் கெட்டியாவதற்குச் சற்று முன்பே எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை வாணலியின் சூடே பார்த்துக்கொள்ளும்.

அதே குணம் ஆம்லெட்டுக்குத் தடையாகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் இரும்பு வேகவைத்துக்கொண்டே இருப்பதால், ஈரப்பதத்தோடு நிறுத்த நினைத்த முட்டை இறுகிவிடுகிறது. 2 கிலோவுக்கு மேல் எடையுள்ள பாத்திரத்தை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு மறுகையால் கிளறுவதும் எளிதல்ல. சரிவான ஓரமுள்ள 8 அங்குல நான்ஸ்டிக் தவா இந்த வேலையை மிக இலகுவாகச் செய்துவிடும்.

வாணலி எண்ணெய் பூசிப் பழக்கப்பட்டே விற்பனைக்கு வருகிறது. ஆனாலும் மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பானது என்பதால், தொடக்கத்தில் முட்டைக்குத் தாராளமாக எண்ணெய் விட வேண்டும். வீட்டில் தோசைக்கல்லைப் பழக்கியவர்களுக்குப் பராமரிப்பு முறையைச் சொல்லித்தர வேண்டியதில்லை: ஊறவைக்கக் கூடாது, கழுவியதும் துடைத்துக் காயவைத்து மெல்லிதாக எண்ணெய் தடவ வேண்டும். ஓவன் இல்லாத வீடுகளில் மூடிபோட்டுச் சிம்மில் வேகவைத்தாலே மேற்புறம் நன்றாக இறுகிவிடும். இவ்வளவு கனமான பாத்திரத்தைச் சூட்டோடு தட்டில் கவிழ்ப்பதைவிட அதுவே பாதுகாப்பானது. மூடி தனியாகத்தான் விற்கப்படுகிறது என்பதால், அத்தகைய வீட்டுக்கு வாங்குபவர்கள் அதையும் சேர்த்தே வாங்கிக்கொள்வது நல்லது.